பனியன் கம்பெனிக்கு மென்பொருள்: தேவைகளைக் கேட்டு எழுதுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் முதல் முறை நுழையும் மென்பொருள்காரரிடம் முதலாளி சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "துணி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதாங்க."

அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன். ஏசி அறையில் முதலாளியோடும் மேனேஜரோடும் இரண்டு நாள் பேசி, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங் என்று வரிசையாகப் படம் வரைந்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணி கம்பெனிக்குத் திரும்பி வரும், அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் என்று வைத்து மென்பொருள் செய்து கொடுத்தோம். இன்வர்ட் (சரக்கு வந்த பதிவு) போடாமல் அவுட்வர்ட் (சரக்கு போன பதிவு) போட முடியாது என்று ஒரு பூட்டும் வைத்தோம். ஆனால் அங்கே துணி நிட்டிங்கில் இருந்து நேராக டையிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எழுதுபவர் அந்தப் பூட்டைத் தாண்டுவதற்காக, வராத துணிக்கு இன்வர்ட் போட ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் கம்ப்யூட்டரில் இருந்த கணக்குக்கும் கிடங்கில் இருந்த துணிக்கும் சம்பந்தமே இல்லை. நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

புரோகிராமில் தவறு இல்லை. டிசி எழுதுபவரிடம் நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வேலையிலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணம் முழுக்க ஜாப் வொர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் கூலிக்குச் செய்யக் கொடுக்கும் வேலைக்கு, போகும் துணியைக் கண்காணிக்கும் மென்பொருள். மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ செய்தாலும் படிகள் இவைதான், ஆட்கள்தான் மாறுவார்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். தேவைகளைக் கேட்டு எழுதும் வேலைக்குத் தனியாக நாளும் தனியாகக் கட்டணமும் கேளுங்கள். "அது இலவசம், செய்வதற்குத்தான் காசு" என்று சொன்னால், அந்த வேலையைச் சீக்கிரம் முடிக்கத்தான் உங்களுக்கே தோன்றும். நடுத்தர அளவு கம்பெனி ஒன்றுக்கு நான் மூன்று வாரம் கேட்பேன்.

படி 1: யார் யார் என்று எழுதுங்கள்

ஸ்டேக்ஹோல்டர் (மென்பொருளோடு சம்பந்தப்பட்டவர்) என்றால் கூட்டத்துக்கு வருபவர் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: முடிவெடுப்பவர், தினமும் கையால் பயன்படுத்தப் போகிறவர், விளைவு யார் தலையில் விழுமோ அவர், விதியைக் கொண்டுவருபவர்.

பனியன் கம்பெனியில் முதல் கட்டத்தில் முதலாளி. இரண்டாவதில் டிசி எழுதுபவர், துணிப் பொறுப்பாளர், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர், கணக்குப் பிரிவு. மூன்றாவதில் கட்டிங் மாஸ்டர், தையல் வேலையை எடுத்துச் செய்யும் பவர் டேபிள் கான்ட்ராக்டர், வெளியே இருக்கும் நிட்டிங்காரர், டையிங்காரர், அப்புறம் டெம்போ டிரைவர். டிரைவரை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. எந்த டையிங்கில் ராத்திரி சரக்கை இறக்கிக்கொண்டு மறுநாள்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். உங்கள் மென்பொருளில் தேதி தப்பாக வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நான்காவது கட்டத்தில் ஆடிட்டர். அவரோடு ஒரு மணி நேரம் பேசினால், கம்பெனிக்குள் யாரும் வாய் திறந்து சொல்லாத தேவைகள் வரும். ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 143-ன்படி, ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாகிப் போக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொள்வார்கள். ஜாப் வொர்க்குக்குப் போன, வந்த சரக்குக்குக் கணக்குக் காட்டும் ஐடிசி-04 படிவமும் உண்டு. 2021 அக்டோபரில் இருந்து, ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் அரையாண்டுக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. ஆக, "டிசி போட்டுப் பத்து மாதம் ஆகியும் திரும்பாத சரக்கு" என்று ஒரு பட்டியல் கட்டாயம் வேண்டும். முதலாளி இதைக் கேட்டிருக்கவே மாட்டார்.

இந்தப் படியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவை பெரிய பாடம். 1992 அக்டோபர் 26 அன்று, காகிதச் சீட்டில் நடந்துகொண்டிருந்த வண்டி அனுப்பும் வேலையைக் கணினிக்கு மாற்றினார்கள். வண்டிகள் எங்கே, என்ன நிலையில் இருக்கின்றன என்ற தகவல் ஏறக்குறைய பிசகில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி அதை வடிவமைத்திருந்தார்கள். ஓடும் வண்டிகளில் இருந்து அப்படி வரவில்லை. சில மணி நேரத்திலேயே எந்த வண்டியை எங்கே அனுப்பினோம் என்பதே குழம்பிப்போனது. அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை, ஊழியர்கள் அந்த அமைப்பைத் தங்களுடையதாக ஏற்றுக்கொள்ளும்படி அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. வண்டி ஓட்டுகிறவர்களிடம் முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் அது.

கடைசியாக, இறுதிக் கையெழுத்து யாருடையது என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இருவரும் பங்குதாரர்களாக இருக்கும் இடங்களில் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

படி 2: எழுதி முடித்த தாள்களை வாங்குங்கள்

காலி ஃபாரம் கேட்டால் அச்சடித்த கட்டங்கள் மட்டும்தான் கிடைக்கும். போன மாதம் எழுதி முடித்த டிசி புத்தகம், இன்வர்ட் நோட்டு, எக்ஸெல் கோப்பு, சம்பள நோட்டின் ஒரு பக்கம் என்று கேளுங்கள். ஊதிய விவரம் இருந்தால் பெயரை மறைத்து வாங்குங்கள்.

அச்சடித்த கட்டத்துக்கு வெளியே கையால் எழுதியிருப்பதையெல்லாம் சிவப்பில் வட்டமிடுங்கள். ஓரத்தில் "பாக்கி 2 ரோல்", எண்ணுக்குக் கீழே பென்சிலில் இன்னொரு எண், பின்பக்கத்தில் ஒரு போன் நம்பர். ஃபாரத்தில் இடம் இல்லாமலும் அவர் மெனக்கெட்டு எழுதுகிறார் என்றால், அது இல்லாமல் வேலை நடக்காது என்று அர்த்தம். என் பட்டியல்களில் நல்ல தேவைகள் பாதிக்கு மேல் இந்த ஓரங்களில் இருந்து வந்தவைதான்.

படி 3: ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள்

வேலை இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்வார்கள். வேண்டாம். சனிக்கிழமை வாருங்கள், அன்றுதான் சம்பளம். முடிந்தால் ஷிப்மென்ட்டுக்கு முந்தைய நாளும் வாருங்கள்.

டிசி எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, யார் வந்தார், என்ன கேட்டார், எதைப் பார்த்து இவர் பதில் சொன்னார். "எதைப் பார்த்து" என்பதைத் தவறவிடாதீர்கள். சில நேரம் நோட்டைப் பார்ப்பார், சில நேரம் போனை, பல நேரம் எதையுமே பார்க்காமல் நினைவில் இருந்து சொல்வார். நினைவில் இருந்து சொன்னதெல்லாம், அவர் லீவு போட்ட நாளில் கம்பெனி தடுமாறும் இடங்கள்.

எண்ணவும் செய்யுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டிசி, ஒரு டிசியில் எத்தனை வரி, ஒன்றை எழுத எத்தனை நிமிடம். கையால் இரண்டு நிமிடத்தில் எழுதுபவருக்கு நான்கு நிமிடம் எடுக்கும் திரையைக் கொடுத்தால் அவர் அதைத் தொட மாட்டார், நியாயமாகவே.

அங்கே உட்கார்ந்தால்தான் தொழிலின் நெளிவுசுளிவு புரியும். டையிங்குக்கு 500 கிலோ போனால் 500 கிலோ திரும்பாது, ப்ராசஸ் லாஸ் என்று கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையலாம் என்பது இருவருக்கும் இடையிலான பேச்சு. கட்டிங் வரை துணி கிலோவில் போகும், கட்டிங் முடிந்ததும் பீஸ் கணக்கு. கிலோ எங்கே பீஸாக மாறுகிறதோ அங்கேதான் கணக்கு உதைக்கும். சம்பளத்திலும் அப்படி ஒன்று உண்டு. இங்கே வருகையை மணி நேரத்தில் சொல்ல மாட்டார்கள், ஷிஃப்ட்டில் சொல்வார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிஃப்ட். வேறு ஊருக்குச் செய்த வருகைப்பதிவு மென்பொருளைக் கொண்டுவந்து "12.00" என்று காட்டினால், சூப்பர்வைசர் அதைத் திரும்ப ஒன்றரையாக மாற்றி நோட்டில்தான் எழுதுவார்.

படி 4: தனித்தனியாகக் கேளுங்கள்

முதலாளி எதிரில் டிசி எழுதுபவரைக் கேள்வி கேட்காதீர்கள். முறை என்று எதைச் சொல்லி வைத்திருக்கிறார்களோ அதைத்தான் அவர் திருப்பிச் சொல்வார். உண்மையில் நடப்பதைச் சொன்னால் முறை மீறியதாக ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நீங்கள் மதிக்க வேண்டும். "யார் சொன்னார் என்று மேலே சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியால் பயன் இல்லை. "போன தடவை இது நடந்தப்போ என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். எங்கள் அடுத்த வேலையில், வேறொரு கம்பெனியில், நான் கேட்டது இப்படிப் போனது:

"அண்ணா, நிட்டிங்ல இருந்து துணி வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"இங்க எங்கீங்க தம்பி வருது? நேரா டையிங்குக்குப் போயிரும்."

"அப்ப எடை எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் நிட்டிங்காரர் போன்ல சொல்லுவாருங்க. நோட்டுல குறிச்சுக்குவேன். டிசி கைக்கு வர ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் கழிச்சு எடை மாறி வந்தா?"

"மாறும்ங்க. அதுக்குத்தானுங்க பென்சில்ல எழுதறது."

அந்தப் பதிலில் மூன்று தேவைகள் இருக்கின்றன. ஒரு ஜாப் வொர்க்கரிடம் இருந்து இன்னொருவருக்குச் சரக்கு நேராகப் போவதைப் பதிய இடம் வேண்டும். ஜிஎஸ்டி விதியும் அதற்கு இடம் தருகிறது. எடைக்கு "சொன்ன எடை", "உறுதியான எடை" என்று இரண்டு நிலை வேண்டும். இரண்டும் வேறுபட்டால் எது எப்போது மாறியது என்று தெரிய வேண்டும். பென்சில், பேனா என்று அவர் ஏற்கெனவே ஒரு நல்ல முறை வைத்திருந்தார். நாம் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் திரைக்குக் கொண்டுவருவது.

நடைமுறையில் சில: ஒருவரோடு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. விதிவிலக்குகளைத் தேடிக் கேளுங்கள்: துணி கிழிந்து வந்தால், ஷேடு மாறி வந்தால், டிசி தொலைந்தால், பாதி மட்டும் வந்தால். ஒவ்வொன்றும் மாதம் எத்தனை தடவை நடக்கும் என்றும் கேளுங்கள். அன்றிரவே குறிப்பைச் சுத்தமாக எழுதி, மறுநாள் அவரிடமே படித்துக் காட்டுங்கள். படிக்கும்போதுதான் "அட, இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேனுங்க" என்பார்.

படி 5: சொற்களுக்குப் பொருள் எழுதுங்கள்

இந்தப் படியைப் பலர் செய்வதே இல்லை. எனக்கு இதுதான் முதுகெலும்பு.

"லாட்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் ஸ்டோரில் லாட் என்றால் மில்லில் இருந்து வந்த நூலின் லாட். இரண்டு நூல் லாட்டைக் கலந்து ஓட்டினால் சாயம் போட்ட பிறகு துணியில் கோடு விழும், அதனால் அவருக்கு அது முக்கியம். டையிங்கில் லாட் என்றால் ஒரே தடவையில் சாயம் போட்ட துணி. இரண்டு சாய லாட்டில் இருந்து முன்பக்கத்தையும் கையையும் வெட்டினால் ஒரே பனியனில் இரண்டு நிறம் தெரியும். கட்டிங்கில் லாட் என்றால் ஒரு தடவை விரித்து வெட்டிய கட்டு. இந்த மூன்று பேரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து "லாட் வாரியா ரிப்போர்ட் வேணும்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். நீங்களும் ஒரு கட்டம் வைத்து "லாட் எண்" என்று பெயர் போடுவீர்கள். மூன்று மாதம் கழித்து மூவருமே ரிப்போர்ட் தப்பு என்பார்கள்.

நூல் லாட், சாய லாட், கட்டிங் லாட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருளும் ஒரு உதாரண எண்ணும் எழுதி, மூவரிடமும் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். "பீஸ்" என்பதையும் இப்படிக் கேளுங்கள்: வெட்டியதா, தைத்ததா, செக்கிங் முடிந்து தேறியதா? "டெலிவரி" என்றால் கம்பெனியை விட்டுப் போனதா, போய்ச் சேர்ந்ததா?

படி 6: சோதித்துப் பார்க்கும்படி எழுதுங்கள்

"ப்ராசஸ் லாஸ் அதிகமானால் தெரிய வேண்டும்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. தேவைகளை எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 29148 தரநிலை சொல்வதும் இதைத்தான்: ஒரு தேவை ஒரே பொருள் தர வேண்டும், ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும், நிறைவேறியதா என்று சரிபார்க்க முடிய வேண்டும். நான் எழுதுவது இப்படி:

தேவை எண்: 17
தேவை: டையிங்கில் இருந்து வந்த எடை, அனுப்பிய எடையைவிட ஒப்புக்கொண்ட சதவீதத்துக்கு மேல் குறைந்தால், இன்வர்ட் சேமிக்கும்போதே துணிப் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும். பதிவைத் தடுக்கக் கூடாது.
சொன்னவர்: துணிப் பொறுப்பாளர். ஒப்புக்கொண்டவர்: முதலாளி.
ஏன்: பில் பாஸ் ஆன பிறகு தெரிந்தால் டையிங்கில் கழிக்க முடியவில்லை.
சோதனை: சதவீதம் 6, அனுப்பியது 500 கிலோ. 471 வந்தால் எச்சரிக்கை வரக் கூடாது. 469 வந்தால் வர வேண்டும். 470 வந்தால் வரக் கூடாது.

சோதனை வரியை எழுதும்போதுதான் "சரியாக 470 வந்தால்?" என்ற கேள்வியே பிறந்தது. "பதிவைத் தடுக்கக் கூடாது" என்பதும் அப்படித்தான். லாரி வாசலில் நிற்கும்போது திரை பூட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற வகைத் தேவைகளையும் இதே கட்டத்தில் எழுதுங்கள். கரண்ட் போனால் பாதி எழுதிய டிசி என்ன ஆகும்? இணையம் இல்லாத கிடங்கில் பதிவு எப்படி? டிசி மூன்று பிரதி அச்சாக வேண்டும். ஜாப் வொர்க் ரேட் யார் கண்ணுக்குத் தெரியலாம், யாருக்குக் கூடாது? "வேகமாக இருக்க வேண்டும்" என்றால், நீங்கள் சனிக்கிழமை எண்ணிய எண்ணை எடுத்து, "ஐந்து வரி உள்ள டிசியை இரண்டு நிமிடத்துக்குள் போட்டு அச்செடுக்க முடிய வேண்டும்" என்று எழுதுங்கள்.

படி 7: முரண்பாட்டை மேசைக்குக் கொண்டுவாருங்கள்

ஆர்டர் எண் இல்லாமல் துணி வெளியே போகவே கூடாது என்பார் மெர்ச்சண்டைசர். சேம்பிள் துணிக்கு ஆர்டர் எண் ஏது என்பார் துணிப் பொறுப்பாளர். இருவர் சொல்வதும் சரி. நீங்களாக நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்துவிடாதீர்கள், பிறகு இருவருக்கும் நீங்கள்தான் பகை. இருவரையும் முடிவெடுப்பவரையும் அரை மணி நேரம் உட்காரவைத்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் வையுங்கள். வந்த முடிவு, தேதி, காரணம், கைவிட்ட யோசனை நான்கையும் முடிவுப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று அதே ஆள் கேட்பார். பதில் அந்தப் பதிவேட்டில் இருக்கும்.

படி 8: எது முதலில்?

டாய் கிளெக் என்பவர் 1994-ல் ஆரக்கிளில் இருந்தபோது தந்த மாஸ்கோ (MoSCoW) முறையையே நான் இன்றும் பயன்படுத்துகிறேன்: கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது இல்லை. சிக்கல் என்னவென்றால் எல்லோரும் எல்லாவற்றையும் கட்டாயம் என்பார்கள். அதனால் ஒவ்வொரு தேவைக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "முதல் சனிக்கிழமை இது இல்லையென்றால் சம்பளம் போட முடியுமா, வண்டி கிளம்புமா?" முடியும் என்றால் அது கட்டாயம் இல்லை. "இப்போது இல்லை" பட்டியலையும் அச்சிட்டுக் கொடுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியல் எழுதப்படாததால் வருபவை.

படி 9: காகிதத் திரையில் ஓட்டிப் பாருங்கள்

புரோகிராம் எழுதும் முன் திரைகளைக் காகிதத்தில் வரைந்து, போன வாரத்து உண்மையான டிசி இருபதை எடுத்து, டிசி எழுதுபவர் கையாலேயே பென்சிலில் நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதீர்கள். எந்த டிசி திரைக்குள் அடங்கவில்லையோ அதைத் தனியே எடுத்து வையுங்கள். இருபதில் மூன்று அடங்காவிட்டாலே வரைந்ததை மாற்ற வேண்டும்.

படி 10: கையெழுத்தும் அதற்குப் பின் வரும் மாற்றமும்

எழுதியதை முதல் பதிப்பு என்று எண்ணிட்டு, பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பி "ஓகே" வாங்குவதை நான் நம்புவதில்லை, பெரும்பாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

கையெழுத்துக்குப் பின்னும் தேவை மாறும். பையர் மாறுவார், சட்டம் மாறும். மாறக் கூடாது என்று அடம்பிடிப்பது தவறு. கணக்கில்லாமல் மாறவிடுவதும் தவறு. அமெரிக்காவின் எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவர எடுத்த விர்ச்சுவல் கேஸ் ஃபைல் திட்டத்தை, சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப் பிறகு 2005-ல் கைவிட்டது. தேவைகள் தெளிவாக வரையறுக்கப்படாமல் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போனதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் தணிக்கை சொன்னது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சீட்டு: என்ன மாற்றம், ஏன், எந்தத் தேவை எண்களைத் தொடும், எத்தனை நாள், எவ்வளவு பணம், யார் ஒப்புதல். போனில் சொன்னால் அன்றே வாட்ஸ்அப்பில் "இன்று நீங்கள் சொன்னது இது, சரிதானா?" என்று எழுதிப் பதில் வாங்குங்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் முடிவெடுப்பவரோடு இந்தச் சீட்டுகளை மட்டும் பாருங்கள்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு சனிக்கிழமையும் அதே ஸ்டூலில் போய் உட்காருங்கள். திரை இருந்தும் ஒரு நோட்டு திறந்தே இருக்கும். அதைக் குறை சொல்லாதீர்கள், எடுத்துவைக்கவும் சொல்லாதீர்கள். "அண்ணா, இதுல என்னங்க எழுதறீங்க?" என்று கேட்டு, பதிலுக்கு அடுத்த தேவை எண்ணைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.